நாற்பத்தேழாம் நம்பர் ரத்தம்

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், இரண்டாவது மாடியில், ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓர் அறை. அதுதான் ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கே இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிற டெக்னீஷியன் அம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஜட்ஜம்மாதான்.

பெயர் சும்மா வரவில்லை. ஒரு தடவை ஆபரேஷன் டாக்டர் ஒருவர் தடதடவென்று மாடியேறி வந்து, "இந்த ரிசல்ட் இப்படி வர வாய்ப்பே இல்லையே, கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதா?" என்று கேட்டார். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ரத்தம் உங்ககிட்ட யோசனை கேட்டுக்கிட்டா டாக்டர் வந்துச்சு? ரிசல்ட்ட மாத்தணும்னா ரத்தத்த மாத்திட்டு வாங்க" என்றாள். அவர் வந்த வழியே இறங்கிப் போனார். அன்று சாயங்காலமே ஸ்டோர்காரர் இந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டார். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டிலும் அவள் ஜட்ஜம்மாதான் என்பதில்தான் வினை.

வீட்டில் மூன்று பேர். அப்பா, அவள், தம்பி. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒயர்மேன். எழுபத்தாறு வயதிலும் ஸ்டூலைப் போட்டு ஏறி பல்பு மாற்றுவார். கீழே இருந்து மகள் கத்துவாள். அவர் காதில் விழாத மாதிரி இன்னொரு திருகு திருகுவார். தம்பி டவுன் பஸ் டிரைவர். அக்காவுக்கு முதலில் ஆகட்டும் என்று தம்பி காத்திருந்தான். தம்பிக்கு நல்ல வேலை கிடைக்கட்டும் என்று அக்கா காத்திருந்தாள். இப்படி ஆளுக்காள் வழிவிட்டு நின்றதில் இரண்டு பேருக்கும் கல்யாண வயது போயே போய்விட்டது. அதைப் பற்றி அவர்கள் பெரிதாக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. காலையில் ஒரே டீயை மூன்று டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, ஒருவர் வாயை ஒருவர் பிடுங்கிக்கொண்டு, தங்கள் பாட்டுக்கு வாழ்ந்தார்கள்.

பிறகு அந்த நோய் வந்தது. வந்த புதிதில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. காய்ச்சல் என்றார்கள், இருமல் என்றார்கள், கையைக் கழுவு என்றார்கள். அப்பாவுக்கு ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கே அக்கா, தம்பி இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு இல்லை என்று வந்தது. அவனுக்கு உண்டு என்று வந்தது. காய்ச்சல் இல்லை, தலைவலிகூட இல்லை, ஆனாலும் உண்டு.

உண்டு என்று வந்தவர்களின் ரத்தத்தை எடுத்துவைக்கச் சொல்லி உத்தரவு. தம்பியின் கையை அவளேதான் பிடித்தாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு குத்தில் நரம்பைப் பிடிக்கத் தவறாதவள், அன்றைக்கு மூன்று தரம் குத்தினாள்.

ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். முகத்தைக்கூடக் காட்டாமல் சுற்றிக் கட்டிக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி நடையில் இவள் ஒரு கோடியில், தனிமை வார்டிலிருந்து கண்ணாடிக் கதவு வரைக்கும் விடப்பட்ட தம்பி மறு கோடியில். நடுவில் ஒரு ஸ்ட்ரெச்சர் போகிற தூரம். அத்தனை பேர் பார்க்க, அவள் கத்தினாள்:

"பஸ்ல வாரிக்கிட்டு வந்து அப்பாவக் கொன்னுட்டியேடா, பாவி! லீவு போடுடான்னு தலதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான். தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. ஜட்ஜம்மா தீர்ப்பை என்றைக்கு மாற்றியிருக்கிறாள்?

குணமாகி வெளியே வந்தவன் வீட்டுக்கு வரவில்லை. டிப்போவுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டான். பஸ் ஓட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் கழுவுகிற கொட்டகையில் வேலை கேட்டு வாங்கினான். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன், கையில் ரப்பர் குழாயோடு நின்றான். மனுஷரை ஏற்றிக்கொண்டு போகவே பயமாக இருக்கிறது என்று மேலாளரிடம் சொன்னானாம்.

ஆனால் ஞாயிறு தவறாது. காலை பத்து மணிக்கு வருவான். பழமோ பிஸ்கட்டோ சோப்போ, ஏதாவது ஒரு பையில் போட்டு, வெளிக் கேட்டில் மாட்டுவான். மாட்டிவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய், மூடிக் கிடக்கிற சைக்கிள் கடை வாசலில் நிற்பான். அவள் வந்து பையை எடுக்கிற வரைக்கும் நிற்பான். எடுத்ததும் போய்விடுவான். பேச்சு ஒன்றும் கிடையாது. சில நாள் அவள் ஜன்னல் வழியாக அவன் கையைப் பார்ப்பாள். கழுவிக் கழுவித் தோல் வெள்ளையாக உரிந்து கிடக்கும். கூப்பிட்டுவிடலாமா என்று ஜன்னல் கொண்டிக்குக் கை போகும். இருந்தாலும் அப்பாவின் காலி நாற்காலியைப் பார்த்ததும் மனசு பழையபடி இறுகிக்கொள்ளும். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

எட்டாம் மாதம்தான் அந்த மெஷின்கள் வந்தன.

இரண்டு மெஷின், இரண்டு கம்பெனி. நோய் வந்து போனவர் ரத்தத்தில் அதை எதிர்க்கிற பொருள் ஊறியிருக்கும் அல்லவா, அதை ஆள் தொடாமல் தானே கண்டுபிடித்துச் சொல்லும் மெஷின்கள். குழாய்களை அடுக்கி உள்ளே தள்ளினால் போதும். அரை மணியில் எண் வரும். எண் ஒன்றைத் தாண்டினால் உண்டு, தாண்டாவிட்டால் இல்லை. எதை வாங்கலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பைப் பெரிய டாக்டர் ஜட்ஜம்மாவின் தலையில் கட்டினார். பெரிய மெஷின் நாள் முழுக்க முனகிக்கொண்டும் எதற்கெடுத்தாலும் கூவிக்கொண்டும் இருந்ததால் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார் ஸ்டோர்காரர். சத்தம் போடாமல் வேலை செய்த சின்னது மருமகள்.

"மாமியார் சொல்றதும் மருமக சொல்றதும் ஒத்துப்போச்சுன்னா அது சத்தியம்தான் ஜட்ஜம்மா, அப்புறம் அப்பீலே கிடையாது" என்றார்.

"வாய மூடிக்கிட்டு அந்தக் குழாய்ப் பெட்டிய எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள் அவள்.

மெஷினைச் சோதிக்க இரண்டு வகை ரத்தம் வேண்டும். நோய் வந்தது என்று தெரிந்தவர்களின் ரத்தம் ஒன்று. அதில் உண்டு என்று சொல்கிறதா பார்க்க வேண்டும். நோயே படாத நல்ல ரத்தம் இன்னொன்று. அதில் இல்லை என்று சொல்கிறதா பார்க்க வேண்டும். நோயாளிகள் ரத்தம் அறுபது குழாய் இருந்தது. நல்ல ரத்தம் ஐம்பது வேண்டும். நோய் பிறப்பதற்கு முன்னால் எடுத்து உறையவைத்த பழைய குழாய்கள் முப்பத்தைந்துதான் தேறின. மீதிப் பதினைந்துக்கு எங்கே போவது?

அதற்கு அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பரிசோதனைக் கூடத்திலும் உண்டு. நல்ல ரத்தம் வேண்டுமென்றால் சொந்தக் கையை நீட்ட வேண்டியதுதான். நோய் ஊருக்குள் வந்த புதிதில், ஒரு திங்கட்கிழமை, 'என்றைக்காவது உதவும்' என்று வேலை பார்க்கிற பதினைந்து பேரும் ஆளுக்கொரு குழாய் கொடுத்து வைத்திருந்தார்கள். எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தவர்கள்தான். அந்தப் பதினைந்தையும் நல்ல ரத்தத்தில் சேர்த்தாள். யாருடையது எது என்று தெரிந்தால் மனசு சாயும் என்று குழாய்க்கெல்லாம் ஸ்டோர்காரரை நம்பர் ஒட்டச் சொல்லி, அவர் பெயர் எழுதிய நோட்டைப் பெரிய டாக்டரின் மேஜை இழுப்பறையில் பூட்டவைத்ததும் அவள்தான். முறை என்றால் முறை.

பத்து நாள் வேலை நடந்தது. நோயாளிகள் ரத்தத்தில் ஒரு சங்கதி பளிச்சென்று தெரிந்தது. நோய் கண்ட முதல் வாரத்தில் எடுத்த ரத்தத்தில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. பத்து நாள் ஆனபின்தான் எண் தலை தூக்குகிறது. இரண்டு வாரம் நெருங்க நெருங்க பத்து, பதினைந்து என்று ஏறி நிற்கிறது. உடம்புக்கு எதிர்ப்பைச் செய்ய அத்தனை நாள் பிடிக்கிறது, பாவம்.

நல்ல ரத்தத்தில் நாற்பத்தொன்பது சுத்தம். ஒன்று மட்டும் வம்பு செய்தது. நாற்பத்தேழாம் நம்பர். மாமியார் பதினான்கு என்றது.

"பொய் சொல்லுது பாருங்க டாக்டர், நல்ல ரத்தத்தப் போயி!" என்று மறுபடி ஏற்றினாள். பதினான்கு. மருமகளில் ஏற்றினாள். அதுவும் உண்டு என்றது. குழாய் மாறியிருக்குமோ என்று உறைபெட்டியைக் குடைந்து, மிச்சம் வைத்திருந்த துளியை உருக்கி, மூன்றாம் முறை ஓட்டினாள். அதே பதினான்கு.

"அம்பதுல ஒண்ணு தப்பு. நூத்துக்கு ரெண்டு. பரவால்ல, எழுதிக்குவோம்" என்றார் பெரிய டாக்டர். "நோட்டைப் பாத்து முடிச்சுடலாமா?"

மத்தியானம் மூன்று மணி. இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து, அவர் ஒவ்வொரு நம்பராகப் படிக்க, அவள் எழுதிக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. அப்புறம் குரல் நின்றுவிட்டது.

"என்ன டாக்டர், எழுத்துப் புரியலயா? ஸ்டோர்காரர் கையெழுத்துதானே, எனக்குப் பழக்கம், குடுங்க" என்று நோட்டைத் திருப்பினாள்.

நாற்பத்தேழுக்கு நேரே அவள் பெயர்தான் இருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. "எனக்கா? எனக்கு ஒரு தும்மல்கூட வரலயே டாக்டர்!" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, ஸ்பிரிட் ஞாபகம் வந்தது.

ரத்தம் கொடுத்த அந்தத் திங்கட்கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தால் வாசனையே இல்லை. நேரே ஸ்டோருக்குப் போய், "ஏண்ணே, ஸ்பிரிட்டுல தண்ணி ஊத்திட்டீங்களா? மோந்து பாத்தா பச்சத் தண்ணியா இருக்கு!" என்று சண்டை பிடித்தாள். அவர் பாட்டிலை மூக்கிடம் கொண்டுபோய், முகத்தைச் சுளித்து, "நெடி ஆளத் தூக்குது, உங்க மூக்குக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார். அன்று சாயங்காலம் உடம்பு லேசாக வலித்தது. நின்று நின்று வேலை பார்த்த வலி என்று விட்டுவிட்டாள். அடுத்த நாள் காலையில் அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கூடத்திலிருந்து அப்பா ஓடிவந்தார். "பால் அடிப்பிடிச்சுத் தெரு வரைக்கும் நாறுது. பக்கத்துல நிக்கற, உனக்குத் தெரியலயா?" வாசனை போவதும் அந்த நோயின் குணம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? நாலைந்து நாளில் மூக்கு சரியாகிவிட்டது. அவளும் மறந்துவிட்டாள்.

அந்த நாலைந்து நாளும், அதற்கு மேலும், அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டது அவள். முகத்துக்கு முகம் குனிந்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நோயாளிகள் பட்டியல். பன்னிரண்டாம் நம்பர், தம்பி. அவள் மூன்று தரம் குத்தி எடுத்த ரத்தம். மூக்குப் பரிசோதனை உண்டு. மாமியார் சொன்ன எண், சுழியம் புள்ளி ஒன்று. இல்லை. அதாவது, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவனுக்கு நோய் அப்போதுதான் தொற்றியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை கொடுத்த அவள் ரத்தத்திலோ அதற்கு எட்டு நாள் முன்னாலேயே எதிர்ப்பு ஊறி நின்றிருக்கிறது. மூக்கில் குச்சி விட்டபோது அவளுக்கு இல்லை என்று வந்ததற்குக் காரணம், நோய் வராதது அல்ல. வந்து, வேலையை முடித்துவிட்டுப் போனது.

பெரிய டாக்டர் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அம்மா, இத வச்சு உங்க தம்பி மூலமா வரலன்னு சொல்லலாம். உங்க மூலமாத்தான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அப்பா கடைக்குப் போனாரு, நாலு பேரப் பாத்தாரு. எங்கிருந்து வேணா வந்திருக்கலாம். ரத்தம் அவ்வளவுதான் சொல்லும்."

"கடைக்கு நான்தான் டாக்டர் போனேன். அவர நான் வாசல் தாண்ட விடல."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இது வேற யாருக்கும் தெரிய வேண்டியதில்ல. மெஷின் பண்ணின தப்புன்னே எழுதிட்டா யாரும் கேக்கப்போறதில்ல. நூத்துக்கு ரெண்டுதானே."

ஒரு நிமிஷம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மறைப்பானேன், ரொம்பவே ஆசையாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்தாள். நல்ல ரத்தப் பட்டியலில் நாற்பத்தேழை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில், 'நோய் வந்து போனவர். தவறாக இதில் சேர்க்கப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மெஷின் தப்புப் பண்ணல டாக்டர்."

மறுநாள் அரை நாள் லீவு. டிப்போவுக்குப் போனாள். வெயில் உச்சியில் நின்றது. கழுவுகிற கொட்டகையில் வரிசையாகப் பஸ்கள் சொட்டிக்கொண்டிருந்தன. தம்பி ஒரு பஸ்ஸின் படிக்கட்டில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் சட்டென்று நான்கடி பின்னால் போனான். முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"என்னக்கா? உடம்புக்கு ஏதாவதா?"

கைப்பையிலிருந்து ரிசல்ட் தாளை எடுத்தாள். மடக்கினாள். திரும்பவும் உள்ளே வைத்தாள்.

"நீ கொண்டு வரலடா."

"எத?"

"அப்பாவுக்கு. நீ கொண்டு வரல. அன்னைக்கு எடுத்தேனே உன் ரத்தம், அத இப்பதான் பாத்தோம். உனக்கு அப்பாவுக்கு அப்புறம்தான் வந்திருக்கு. எனக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கு. எனக்கே தெரியல. என்னாலதான்டா."

"நிஜமாவா?"

"ரெண்டு மெஷின்ல, மூணு தரம் பாத்துட்டேன்."

"நான் இல்லயா?"

"நீ இல்லடா."

"நிஜமா நான் இல்லயா அக்கா?"

"இல்லடா. சத்தியமா நீ இல்ல."

கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய டயரின் மேல் அவன் உட்கார்ந்தான். கையிலிருந்த குழாய் தரையில் விழுந்து தன்பாட்டுக்குத் தண்ணீரைக் கொட்டியது. உரிந்த இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, நாற்பத்து நாலு வயது ஆம்பளை, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அப்பா போனபோதுகூட அவன் அழுததை அவள் பார்க்கவில்லை. அழ எங்கே விட்டாள்?

அவள் நின்றாள். செருப்பெல்லாம் நனைந்தது. ஒரு வார்த்தைக்காக நின்றாள். வேண்டுமென்றா பண்ணினே, விடுக்கா என்று ஒரு வார்த்தை. தெரியாமல் நடந்தது என்று அவளிடம் சொல்ல இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான் பாக்கி. அவன் அழுது முடித்து மூக்கை உறிஞ்சினான்.

"எட்டு மாசம்க்கா" என்றான்.

"திட்டிடுடா. நாலு பேரு பாக்க நான் கத்தினேன்ல, நீயும் கத்திடு. வாங்கிக்கறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உன்ன மாதிரி எனக்குத் திட்ட வராதுக்கா" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்க் குழாயை அடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்தாள், கேட்டின் கொக்கியைக் கழற்றி வைத்தாள். மூன்று டம்ளரைக் கழுவி எடுத்தவள், ஒன்றை அலமாரியில் திரும்ப வைத்தாள். பால் காய்ந்தது. பத்து மணிக்கு அவன் வந்தான். திறந்திருந்த கதவைப் பார்த்தான். வழக்கம்போல் பையைக் கேட்டில் மாட்டினான்.

"உள்ள வாடா. அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே."

"வரேன்க்கா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

எதிர்ச்சாரிக்குப் போய்ச் சைக்கிள் கடை வாசலில் நின்றான். அவள் பையை எடுத்ததும் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் எடுக்கவில்லை. கேட்டுக்கு உள்ளே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் அடிப்பிடிக்கிற வாசனை வாசல் வரைக்கும் வந்தது. நன்றாகத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பை தொங்கிக்கொண்டிருந்தது, அவனும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.